இலக்கைத் தொடவே இல்ல... ஆனா 27 பேரை உயிரோடு மீட்டார்! டீம் லீடர்களுக்கு ஷாக்கிள்டன் சொல்லும் பாடம்

புதுசா டீம் லீடர் ஆனவர்களுக்குப் பெரிய தலைவலி எது? வேலை இல்ல, ஆட்கள்தான்! முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் ஒருவர், சோர்ந்துபோன இன்னொருவர், இதற்கு நடுவில் கைநழுவும் டார்கெட். இதையெல்லாம் 100 வருடங்களுக்கு முன்பே, உருகும் பனிக்கட்டி மேல் நின்று சமாளித்தவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

யார் இவர்?

1874-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 16 வயதிலேயே கப்பல் வேலைக்குப் போனார். 1909 ஜனவரியில் தென் துருவத்தைத் தொட இன்னும் சுமார் 180 கி.மீ.தான் பாக்கி. ஆனா முன்னேறினால் திரும்பி வர உணவு பத்தாது. பெயரும் புகழும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் திரும்பிவிட்டார். கூட வந்த 3 பேரும் பிழைத்தனர்.

நொறுங்கிய கப்பல்

அடுத்த திட்டம், அண்டார்டிகாவைக் குறுக்கே கடப்பது. 1914-ல் 'எண்டியூரன்ஸ்' கப்பலில் அவரோடு சேர்த்து 28 பேர் கிளம்பினர். 1915 ஜனவரியில் வெடல் கடலில் கப்பல் பனியில் சிக்கியது. அக்டோபரில் பனி அதை நொறுக்கியது, நவம்பரில் மூழ்கியது. பழைய திட்டத்தை அங்கேயே கைவிட்டார் ஷாக்கிள்டன். புது டார்கெட் ஒன்றுதான்: எல்லாரும் உயிரோடு வீடு திரும்பணும்.

டீமை எப்படி நடத்தினார்?

* குறை சொல்பவர்களை ஒதுக்கவில்லை. தன் கூடாரத்திலேயே தங்க வைத்து, அவர்களின் புலம்பல் மற்றவர்களுக்குப் பரவாமல் பார்த்துக்கொண்டார்.

* கதகதப்பான ரோமப் பைகள் எல்லாருக்கும் பத்தவில்லை. அவை சாதாரண மாலுமிகளுக்குப் போயின. அவரும் அதிகாரிகளும் கம்பளிப் பைகளில் படுத்தனர்.

* தங்கக் காசுகளைக்கூட பனியில் வீசியவர், ஒரு பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் எடுத்துவரச் சொன்னார். பாட்டு இருந்தால் மனசு உடையாது என்ற கணக்கு.

* பனியில் நடக்க மறுத்து எதிர்த்து நின்றவர் தச்சர் மெக்நிஷ். அவரையே ஆபத்தான படகுப் பயணத்துக்குக் கூட்டிப்போனார். படகைப் பலப்படுத்தியதும் அதே மெக்நிஷ்தான்.

4-வது முயற்சியில் மீட்பு

1916 ஏப்ரலில் எலிஃபண்ட் தீவை அடைந்தனர். 22 பேரை ஃபிராங்க் வைல்டின் பொறுப்பில் விட்டுவிட்டு, 5 பேருடன் 7 மீட்டர் நீளப் படகில் 1,300 கி.மீ.க்கு மேல் கடந்து தெற்கு ஜார்ஜியா போய்ச் சேர்ந்தார். பனிமலை தாண்டி உதவி கேட்டார். 3 முறை மீட்புக் கப்பல் பனியால் திரும்பியது. 4-வது முறை, ஆகஸ்ட் 30 அன்று, சிலி நாட்டின் 'யெல்சோ' கப்பலில் 22 பேரையும் உயிரோடு மீட்டார்.

மறுபக்கமும் இருக்கு

அதே பயணத்துக்காக அண்டார்டிகாவின் எதிர்க்கரைக்கு, வழியில் உணவு சேமித்து வைக்க இன்னொரு குழுவை அனுப்பியிருந்தார். பணமும் முன்தயாரிப்பும் போதாத அந்தக் குழுவில் 3 பேர் இறந்தனர். மெக்நிஷுக்குப் பதக்கம் கிடைக்கவும் ஷாக்கிள்டன் பரிந்துரைக்கவில்லை.

1922-ல், 47 வயதில் தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பால் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2022-ல் அவரது கப்பல் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

புதிய லீடர்கள் அவரிடம் கத்துக்க வேண்டியது இரண்டு. டார்கெட் உடைந்தால் ஆட்களைக் காப்பாத்துங்க. கண்ணெதிரே இருக்கும் டீமைப் போலவே, தூரத்தில் வேலை செய்யும் டீமையும் கவனிங்க.