ஹெச்.ஆரா, இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸா? பூட்டிய கதவைப் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ்

மாஸ்டர்ஸ் படிக்கணும். ஹெச்.ஆர். எடுக்கிறதா, இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் எடுக்கிறதா? இந்தக் குழப்பத்தில் இருப்பவர்கள் பிரான்சிஸ் பெர்கின்ஸின் கதையைத் தெரிஞ்சுக்கலாம். அமெரிக்காவின் முதல் பெண் கேபினட் அமைச்சர் இவர்தான்.

1880-ல் பாஸ்டனில் பிறந்தவர். கல்லூரியில் எடுத்தது இயற்பியல். வரலாற்றுப் பாடத்துக்காக ஆலைகளை நேரில் போய்ப் பார்த்த பிறகு கவனம் தொழிலாளர் பக்கம் திரும்பியது. பிலடெல்பியாவில், வேலை தேடி வரும் பெண்களை ஏமாற்றும் ஏஜென்சிகளை விசாரித்தார். கூடவே வார்ட்டன் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 1910-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம். டாக்டர் பட்டம் வாங்கவில்லை.

அடுத்த வருடமே அந்தத் தீ விபத்து.

1911 மார்ச் 25. நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெர்கின்ஸ் ஓடிப்போய்ப் பார்த்தபோது, பெண்கள் மாடியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்கள் 146 பேர். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. இத்தனைக்கும் 1909-லேயே அங்குள்ள தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். சங்கத்தை ஏற்க நிறுவனம் மறுத்துவிட்டது.

இரண்டு படிப்புக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கதவில் இருக்கு. சாவி யாரிடம் இருக்கணும், ஊழியர் யாரிடம் புகார் சொல்லணும், யாருக்குப் பயிற்சி கொடுக்கணும் என்று நிறுவனத்துக்குள்ளே பார்ப்பது ஹெச்.ஆர். கதவைப் பூட்டவே கூடாதுன்னு சட்டம் வருவது எப்படி, அதை அமல்படுத்துவது யார், சங்கம் எப்படிப் பேரம் பேசும் என்று தொழிலாளி, முதலாளி, அரசு மூவரையும் சேர்த்துப் பார்ப்பது இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ்.

பெர்கின்ஸ் போனது இரண்டாவது வழியில். சட்டமன்ற உறுப்பினர்களைத் தொழிற்சாலைகளுக்கே கூட்டிப் போனார். ஒரு ஆலையில், தீ விபத்தில் தப்பிக்கும் வழி என்று எழுதியிருந்த சின்ன ஓட்டை வழியாக, பனி உறைந்த ஏணிக்கு செனட்டர் ராபர்ட் வாக்னரையே தவழ்ந்து போக வைத்தாராம்! ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பதைவிட இது நன்றாகவே வேலை செய்தது.

1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் தொழிலாளர் துறை அமைச்சர் பதவிக்கு அழைத்தபோது, செய்ய நினைப்பதைப் பட்டியலாகச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே ஏற்றார். 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட் என்று சட்டமானது.

அவர் பதவி விலகிய 1945-ல்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொழில் உறவுகளுக்கான தனிக் கல்லூரி தொடங்கியது. இன்று அங்கே ஹெச்.ஆரும் அதே மாஸ்டர்ஸ் படிப்புக்குள் ஒரு பிரிவு. கோர்ஸ் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க, உள்ளே என்ன பாடம்னு பாருங்க.

பெர்கின்ஸ் தன் கடைசி வருடங்களில் அங்கேதான் பாடம் எடுத்தார். 80 வயதில் மாணவர்கள் தங்கும் டெல்லுரைடு ஹவுஸுக்கே குடிபோனார். 1965 மே 14 அன்று காலமானார்.