மூளையின் மின்னலையைக் கண்ட ஹான்ஸ் பேர்கர்

கழுத்துக்குக் கீழே உடல் அசைவற்றுப்போன ஒருவர், விரலையோ நாவையோ பயன்படுத்தாது, மனதில் எண்ணுவதன் மூலமே கணினித் திரையில் எழுத்துகளைத் தெரிவுசெய்வது இன்று ஆய்வுகூடங்களில் நிகழ்ந்துவருகின்றது. மூளை-கணினி இடைமுகம் எனப்படும் இத்துறை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அமெரிக்கச் செல்வந்தர்களின் பெயர்களே முன்னிற்கின்றன. ஆயினும் மனித மூளை எழுப்பும் மின்னலைகளை மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே பதிவுசெய்யலாம் என முதன்முதலில் நிறுவியவர், ஜேர்மனியின் யேனா நகரில் பணிபுரிந்த ஹான்ஸ் பேர்கர் என்ற உளநோய் வைத்தியராவார். எளிதில் பாராட்டிவிட்டுக் கடந்துசெல்லக்கூடிய வாழ்க்கையல்ல அவருடையது.

1873 மே 21 ஆம் திகதி கோபர்க் நகருக்கு அருகிலுள்ள நொய்செஸ் கிராமத்தில் பேர்கர் பிறந்தார். தந்தை வைத்தியர். தாய்வழிப் பாட்டனாரோ ஃபிரீட்ரிக் ரூக்கேர்ட் என்ற புகழ்பெற்ற கவிஞர். சமஸ்கிருதம், பாரசீகம், அரபு ஆகிய மொழிகளிலிருந்து ஜேர்மன் மொழிக்குப் பெருஞ்செல்வத்தைக் கொண்டுசேர்த்த அவர் பயின்ற மொழிகளின் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி.

வானியல் அறிஞராகும் எண்ணத்துடனேயே பேர்கர் பல்கலைக்கழகம் புகுந்தார். இடையில் ஓராண்டு இராணுவ சேவைக்குச் சென்றபோது நேர்ந்த விபத்தொன்று அவரைத் திசைதிருப்பியது. பயிற்சியின்போது அவர் ஏறியிருந்த குதிரை மிரண்டெழ, குதிரைகள் இழுத்துவந்த பீரங்கி வண்டியின் பாதையில் அவர் விழுந்தார். வண்டி கடைசிக் கணத்தில் நிறுத்தப்பட்டதால் உயிர் தப்பினார். அன்று மாலையே தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து நேர்ந்துவிட்டதென மூத்த சகோதரி காரணமின்றிக் கலங்கியதால், நலம் விசாரித்து அத்தந்தி அனுப்பப்பட்டிருந்தது. தம் அச்சம் எவ்வழியாகவோ சகோதரியின் மனதை எட்டிவிட்டது எனப் பேர்கர் நம்பினார். தற்செயலான ஒற்றுமை என்று நாம் இன்று ஒதுக்கிவிடலாம். அவரால் அவ்வாறு ஒதுக்க முடியவில்லை. வானியலைக் கைவிட்டு, மனதுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பைத் தேடி மருத்துவம் பயின்றார்.

1897 இல் யேனா பல்கலைக்கழக உளநோய் வைத்தியசாலையில் பேராசிரியர் ஒட்டோ பின்ஸ்வாங்கரின் உதவியாளராகச் சேர்ந்த அவர், பிற்காலத்தில் அதன் பணிப்பாளராகவும் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். ஆனால் ஆய்வில் முதல் இருபத்தைந்து ஆண்டுகள் ஏமாற்றமாகவே கழிந்தன. மூளை உண்ணும் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒரு பகுதி மின்சாரமாகவும் மாற, எஞ்சியதே மன ஆற்றலாகின்றது என்பது அவரது கருத்து. முதலில் மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தார். பின்னர் வெப்பநிலையை அளந்தார். இரண்டிலும் தெளிவான விடை கிட்டவில்லை. எஞ்சியது மின்சாரம். முயல், குரங்கு ஆகியவற்றின் திறந்த மூளையில் நுண்ணிய மின்னோட்டம் இருப்பதை ஆங்கிலேய வைத்தியர் ரிச்சட் கேற்றன் 1875 இலேயே கண்டறிந்திருந்தார். மனிதரில் அதனை எவரும் கண்டிருக்கவில்லை.

1924 ஜூலை 6 ஆம் திகதி, மூளைச் சத்திரசிகிச்சைக்காக மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்த 17 வயது இளைஞன் ஒருவனில், கல்வனோமானியின் மெல்லிய அசைவைப் பேர்கர் கண்டார். அன்றே உலகுக்கு அறிவித்திருக்கலாம். அவரோ ஐந்து ஆண்டுகள் வாய்திறக்கவில்லை. அந்த அசைவு தசையிலிருந்து வருகின்றதோ, இதயத் துடிப்பிலிருந்து வருகின்றதோ, கருவியின் பிழையோ என்று ஒவ்வொரு ஐயத்தையும் தனித்தனியே சோதித்தார். தலைத்தோலுக்கு அடியில் ஊசி மின்வாய்களையும், பின்னர் தோலின்மீது வெள்ளித் தகடுகளையும் வைத்துப் பார்த்தார். தம் மகன் கிளவுஸின் தலையிலிருந்தே பல பதிவுகளை எடுத்தார். தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 50 மைக்ரோவோல்ற். ரோர்ச் லைற் மின்கலம் ஒன்று தரும் 1.5 வோல்ற்றில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அக்காலக் கருவிகளைக் கொண்டு இதனைப் பிடிப்பதற்கு எத்துணைப் பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1929 இல் வெளிவந்த அவரது கட்டுரையைத் தொடர்ந்து, 1938 வரை அதே தலைப்பில் மொத்தம் 14 அறிக்கைகள் வெளியாயின. கண்ணை மூடி அமைதியாக இருக்கும் ஒருவரின் மூளையில் விநாடிக்குப் பத்து முறையளவில் எழும் அலைக்கு அல்பா என்றும், அதனிலும் விரைவான சிற்றலைக்கு பீற்றா என்றும் அவர் பெயரிட்டார். கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ அல்பா அலை தணிந்துவிடுவதையும் அவர் கண்டார். தொடக்கத்தில் உடற்றொழிலியலாளர் பலர் இதனை நம்பவில்லை. 1932 இல் நோபல் பரிசு பெற்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் எட்கர் அட்ரியன், 1934 இல் மத்தியூஸ் என்பவருடன் இணைந்து அதே அலையை மெய்ப்பித்துக் காட்டிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

மனதின் செயலுக்கேற்ப அலை மாறுகின்றது என்ற அந்த ஒரு அவதானிப்பே இன்றைய இடைமுகக் கருவிகளின் அத்திவாரம். மின்வாய்கள் மூளையின் மின்மாற்றத்தைப் பெறுகின்றன. கருவி அதனைப் பெருக்கி, இரைச்சலை நீக்குகின்றது. கையை அசைப்பதாக எண்ணும்போது எழும் கோலம் எது, ஓய்வில் எழும் கோலம் எது எனக் கணினி பழகிக்கொண்டு, அதனைக் கட்டளையாக மாற்றுகின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் விடால் 1973 இல் இத்துறைக்கு இப்பெயரைச் சூட்டினார். உடல் முழுதும் செயலிழந்த நோயாளர்கள் தலைத்தோலின் மின்னலை கொண்டே எழுத்துக்கூட்டி வசனம் அமைத்ததை, ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரில் நீல்ஸ் பிர்பாமரின் குழு 1999 இல் வெளியிட்டது. மண்டையோடு மின்னலைகளைக் கலக்கி மங்கச் செய்வதால், மூளைக்குள்ளேயே நுண்ணிய மின்வாய்களைப் பதிக்கும் முறையும் வளர்ந்தது. அம்முறையின் மூலம், பேச்சிழந்த ஒருவர் பேச முயலும்போதே நிமிடத்துக்கு 62 சொற்கள் திரையில் தோன்றச் செய்ததாக ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் 2023 இல் அறிவித்தனர். தொற்று, இரத்தக்கசிவு, காலப்போக்கில் சமிக்ஞை மங்குதல் ஆகிய இடர்கள் இன்னும் தீரவில்லை.

பேர்கரின் வாழ்க்கையின் மறுபக்கத்தையும் இங்கு கூறியாக வேண்டும். நாஸி ஆட்சியால் ஓரங்கட்டப்பட்டு மனமுடைந்தவர் என்றே நீண்டகாலம் அவரைப் பற்றி எழுதப்பட்டு வந்தது. ஆவணங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. 1933 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், பரம்பரை நோயாளர் எனக் கருதப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யத் தீர்ப்பளித்த பரம்பரைச் சுகாதார நீதிமன்றத்தில் அவர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். 1941 இல் அப்பணிக்கு மீண்டும் அழைக்கப்பட்டபோதும் இசைவு தெரிவித்தார். அச்சட்டம் பெயர்குறித்த நோய்களுள் வலிப்பும் ஒன்று. பேர்கர் கண்ட மின்னலை வரைவோ, இன்றுவரை வலிப்பு நோயை இனங்காண உலகெங்கும் வைத்தியசாலைகளில் பயன்படும் முதன்மைக் கருவி. வலிப்பு நோயாளரின் மூளையைப் பொறுமையுடன் அவதானித்த அதே மனிதர், அவர்களது உடல்மீது அரசு கத்தி வைப்பதற்கும் துணைநின்றார். காலத்தின் கட்டாயம் என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். அதனை ஏற்பதற்கில்லை.

மூளையிலிருந்து பெறும் தகவல் எவருடையது, அதனைக் கொண்டு எவர் தீர்ப்பெழுதலாம் என்ற வினா இப்போது வேறு வடிவில் எழுந்துள்ளது. சிலி நாடு 2021 இல் மூளைச் செயற்பாட்டுக்கும் அதிலிருந்து பெறப்படும் தகவலுக்கும் அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு வழங்கியது. 2023 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தலையில் அணியும் கருவியை விற்ற நிறுவனமொன்றிடம் பயனாளர் ஒருவரின் மூளைத் தரவுகளை அழிக்குமாறு உத்தரவிட்டது.

பேர்கர் 1938 இல் ஓய்வுபெற்றார். மனம் பற்றி 1940 இல் வெளியிட்ட நூலில், இளமையில் நேர்ந்த அந்த விபத்தையும் சகோதரியின் கலக்கத்தையும் அவர் விரிவாக எழுதினார். ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்குச் செல்லும் ஆற்றலைத் தேடியே அவர் புறப்பட்டார். மண்டையோட்டுக்கு வெளியே சில சென்ரிமீற்றர் தூரம்கூடச் செல்லாத மின்னலையே அவருக்குக் கிட்டியது. ஆயினும் அந்நம்பிக்கையை அவர் கைவிட்டிருக்கவில்லை. நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1941 ஜூன் 1 ஆம் திகதி, கடும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்த அந்த உளநோய் வைத்தியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 68.