வர்ஜீனியா அப்கார்

வர்ஜீனியா அப்கார் (ஜூன் 7, 1909 – ஆகஸ்ட் 7, 1974) அமெரிக்க மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவத்துறை (மயக்கவியல்) வல்லுநரும் ஆவார். பிறந்த குழந்தையின் உடல்நிலையை ஒரு நிமிடத்தில் மதிப்பிட உதவும் அப்கார் மதிப்பெண் முறையை 1952 ஆம் ஆண்டில் வகுத்தவர் இவரே. இதயத் துடிப்பு, மூச்சு முதலிய உயிர்க்குறிகளை ஓர் ஒழுங்கில் பார்த்துப் பதிவு செய்யும் இம்முறை இன்றும் உலகெங்கும் மகப்பேற்று மருத்துவமனைகளில் பின்பற்றப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

அப்கார் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தமையன்மாருள் ஒருவர் காசநோயால் இறந்தார். மற்றொருவர் நெடுநாள் நோயுற்றிருந்தார். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியல் பயின்று 1929 இல் பட்டம் பெற்றார். படிப்புச் செலவுக்காகப் பல சிறு வேலைகளைச் செய்தார். விலங்கியல் ஆய்வகத்துக்குப் பூனைகளைப் பிடித்துத் தருவதும் அவற்றுள் ஒன்று. பின்னர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1933 இல் வகுப்பில் நான்காவது மாணவராகத் தேறினார்.

மருத்துவப் பணி

அறுவை மருத்துவராக வேண்டும் என்பதே அப்காரின் விருப்பம். ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அக்காலத்தில் பெண் அறுவை மருத்துவர்கள் அத்தொழிலில் நிலைபெறுவது அரிதாக இருந்தது. அறுவைத் துறைத் தலைவர் ஆலன் விப்பிள் இவரை மயக்கவியலுக்கு மாறுமாறு அறிவுறுத்தினார். அந்நாளில் அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் செவிலியரின் பணியாக இருந்தது. விஸ்கான்சினில் ரால்ஃப் வாட்டர்சிடமும், நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் எமரி ரோவன்ஸ்டைனிடமும் பயிற்சி பெற்ற அப்கார், 1938 இல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்கவியல் பிரிவின் இயக்குநரானார். 1949 இல் அப்பிரிவு தனித்துறையாக உயர்ந்தபோது தலைமைப் பொறுப்பு வேறொருவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அப்கார் முழுப் பேராசிரியரானார். அக்கல்லூரியில் அந்நிலையை எய்திய முதல் பெண்மணி இவராவார். இதன்பின் மகப்பேற்று மயக்கவியலில் கவனம் செலுத்தினார்.

அப்கார் மதிப்பெண்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் குழந்தை இறப்பு பொதுவாகக் குறைந்துவந்தது. எனினும் பிறந்த முதல் 24 மணி நேரத்தில் நேரும் இறப்புகள் அவ்வாறு குறையவில்லை. பிரசவ அறையில் மருத்துவர்களின் கவனம் பெரும்பாலும் தாயின்மீதே இருந்தது. குழந்தையின் நிலையைக் கணிக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. மூச்சு விடத் தாமதித்த குழந்தை பிழைக்காது என்று கைவிடப்படுவதும் உண்டு.

இக்குறையை நீக்க, கண்ணாலும் செவியாலும் கையாலும் எளிதில் அறியக்கூடிய ஐந்து குறிகளை அப்கார் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் வழங்கப்படும்.

- இதயத் துடிப்பு: இல்லை எனில் 0, நிமிடத்துக்கு 100க்குக் குறைவு எனில் 1, 100 அல்லது அதற்கு மேல் எனில் 2.
- மூச்சு: இல்லை எனில் 0, சீரற்றோ மேலோட்டமாகவோ இருந்தால் 1, குழந்தை நன்கு மூச்சுவிட்டு உரக்க அழுதால் 2.
- தசை முறுக்கு: உடல் துவண்டிருந்தால் 0, கைகால்கள் ஓரளவு மடங்கியிருந்தால் 1, நன்கு அசைந்தால் 2.
- தூண்டலுக்கு எதிர்வினை: இல்லை எனில் 0; முகம் சுளித்தால் 1; அழுதாலோ தும்மினாலோ இருமினாலோ 2.
- நிறம்: உடல் நீலம் பாரித்தோ வெளிறியோ இருந்தால் 0, உடல் சிவந்து கைகால்கள் மட்டும் நீலமாக இருந்தால் 1, முழுதும் சிவந்திருந்தால் 2.

இவற்றின் கூட்டுத்தொகை 7 முதல் 10 வரை இருப்பின் குழந்தை நன்னிலையில் உள்ளதாகக் கொள்ளப்படும். 3 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் நிலை கவலைக்குரியது. முதலில் பிறந்த ஒரு நிமிடத்தில் மட்டும் மதிப்பிடப்பட்டது. ஐந்தாம் நிமிடத்திலும் மதிப்பிடும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. பிரசவம் பார்த்தவர் தம்மை அறியாமலே கூடுதல் மதிப்பெண் தரக்கூடும் என்பதால், வேறொருவரே மதிப்பிட வேண்டும் என்று அப்கார் வலியுறுத்தினார்.

1953 இல் வெளியான கட்டுரையில் 1,021 குழந்தைகளின் மதிப்பெண்களை இவர் ஆராய்ந்திருந்தார். 0 முதல் 2 வரை பெற்ற குழந்தைகளில் 14 விழுக்காட்டினர் இறந்தனர். 8 முதல் 10 வரை பெற்றவர்களில் இறப்பு 0.13 விழுக்காடே. பின்னர் டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் ஆகியோருடன் இணைந்து, குறைந்த மதிப்பெண்ணுக்கும் குருதியில் ஆக்சிஜன் குறைந்து அமிலத்தன்மை மிகுவதற்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். பிரசவத்தின்போது தாய்க்கு அளிக்கப்பட்ட சைக்ளோபுரோப்பேன் என்னும் மயக்க வாயு குழந்தையைத் தளர்த்துவதும் இவ்வாய்வுகளால் தெரியவந்தது. அதன் பயன்பாடு குறைந்தது.

1960களின் தொடக்கத்தில் ஜோசப் பட்டர்ஃபீல்டு என்னும் குழந்தை மருத்துவர், தோற்றம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அப்காரின் பெயராக அமையும்படி ஒரு நினைவுக் குறிப்பை உருவாக்கினார்.

வரம்புகள்

மூச்சுவிடாத குழந்தைக்கு ஒரு நிமிடம் முடியும்வரை காத்திராமல் உடனே செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது. ஒரு குழந்தையின் பிற்கால அறிவுவளர்ச்சியை முன்கூட்டிக் கணிக்கவும் இதனைப் பயன்படுத்தலாகாது. குறைமாதக் குழந்தைகள் நோயின்றியே குறைந்த மதிப்பெண் பெறக்கூடும். கருநிறத் தோலுடைய குழந்தைகளில் நிறத்தை மதிப்பிடுவது கடினம் என்பதும் சுட்டப்பட்டுள்ளது.

பிற்கால வாழ்க்கை

1959 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற அப்கார், மார்ச் ஆஃப் டைம்ஸ் அறநிறுவனத்தில் சேர்ந்து பிறவிக் குறைபாடுகள் பிரிவை வழிநடத்தினார். கருவுற்ற பெண்களை ருபெல்லா நோயிலிருந்து காக்கத் தடுப்பூசி தேவை என்று பரப்புரை செய்தார். 1972 இல் ஜோன் பெக்குடன் இணைந்து பெற்றோருக்கான நூலொன்றை எழுதினார்.

அப்கார் திருமணம் செய்துகொள்ளவில்லை. வயலின் முதலிய நரம்பிசைக் கருவிகளை வாசிப்பதிலும் தம் கையால் செய்வதிலும் வல்லவர். வழியில் எவரேனும் மூச்சுத் திணறினால் உதவுவதற்காகச் சிறு கத்தி, மூச்சுக்குழாயில் செலுத்தும் குழல் போன்றவற்றை எப்போதும் உடன் வைத்திருந்தார்.

மறைவும் சிறப்புகளும்

கல்லீரல் நோயால் 1974 இல் தம் 65 ஆம் அகவையில் நியூயார்க்கில் காலமானார். அமெரிக்க அஞ்சல் துறை 1994 இல் இவர் நினைவாக 20 சென்ட் அஞ்சல்தலை வெளியிட்டது. 1995 இல் அமெரிக்காவின் தேசிய மகளிர் புகழ்க்கூடத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.