அம்மா இழந்த அதே வழியில் மகனும் இழந்தார்... பஃபெட்டின் குரு பெஞ்சமின் கிரகாம் யார்?

பங்குச்சந்தையில் புதுசா காசு போட நினைக்கும் யாருக்கும் முதலில் தெரியவரும் பெயர் வாரன் பஃபெட். ஆனா, அந்த பஃபெட்டுக்கே பாடம் எடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். பெயர் பெஞ்சமின் கிரகாம். நீண்டகால முதலீடு பற்றி இன்று யூடியூபில் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி, சுற்றிவளைத்து இவரிடம்தான் போய் நிற்கும்.

ஆனால் இவர் சும்மா உட்கார்ந்து தத்துவம் எழுதியவர் இல்லை. சந்தையில் பலமாக அடி வாங்கியவர். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வசதியில் பிறந்து வறுமையில் வளர்ந்தவர்

1894-ம் ஆண்டு மே மாதம் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் கிரகாம். அப்போது குடும்பப் பெயர் கிராஸ்பாம். அப்பாவுக்கு பீங்கான் பொருட்கள் வியாபாரம். குழந்தைக்கு ஒரு வயதானபோது குடும்பம் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தது. முதலாம் உலகப்போர் காலத்தில் ஜெர்மானியப் பெயர்கள் மீது வெறுப்பு கிளம்பியபோதுதான், கிராஸ்பாம் என்பது கிரகாம் ஆனது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை, கிரகாமுக்கு 9 வயதாகும்போது தலைகீழானது. அப்பா இறந்துவிட்டார். வியாபாரம் நொடித்துப் போனது. மூன்று மகன்களை வைத்துக்கொண்டு அம்மா டோரதி, வீட்டையே தங்கும் விடுதியாக மாற்றிப் பார்த்தார். அதுவும் ஓடவில்லை.

அடுத்து அவர் எடுத்த முடிவுதான் முக்கியமானது. கொஞ்சம் பணம் போட்டு, மீதியை கடனாக வாங்கி யு.எஸ். ஸ்டீல் நிறுவனப் பங்குகளை வாங்கினார். இதற்குப் பெயர்தான் 'மார்ஜின்'. இன்று நம் மொபைல் ஆப்களிலும் இந்த வசதி ஒரு கிளிக்கில் கிடைக்கிறது. 1907-ல் அமெரிக்காவில் நிதி நெருக்கடி வந்து சந்தை சரிந்தது. அம்மா போட்ட பணம் முழுக்க போச்சு.

அம்மாவின் செக்கை மாற்ற வங்கிக்குப் போன சிறுவன் கிரகாமின் காதில், இவங்களை நம்பி 5 டாலர் தரலாமா என்று ஊழியர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது விழுந்தது. அந்த அவமானம் கடைசி வரை அவருக்கு மறக்கவில்லை.

பேராசிரியர் வேலையா? வால் ஸ்ட்ரீட்டா?

உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, 1914-ல் 20 வயதில் பட்டம் பெற்றார். ஆங்கிலம், தத்துவம், கணிதம் என மூன்று துறைகளிலும் ஆசிரியர் வேலை தர பல்கலைக்கழகம் தயாராக இருந்தது. ஆனால் வீட்டு நிலைமைக்கு அந்தச் சம்பளம் போதாது. அதனால் வால் ஸ்ட்ரீட் தரகு நிறுவனம் ஒன்றில், வாரம் 12 டாலர் சம்பளத்தில் எடுபிடி வேலையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் பங்கு வாங்குவது என்றால் பெரும்பாலும் வதந்திதான். யாரோ ஒருவர் காதில் ஒரு பெயரைச் சொல்வார், உடனே வாங்குவார்கள். கிரகாம் மட்டும் நிறுவனங்களின் கணக்கு அறிக்கைகளைத் தேடித் தேடிப் படித்தார்.

அதற்கு கிடைத்த பலன்தான் நார்தர்ன் பைப்லைன். எண்ணெய் குழாய் நடத்தும் இந்த நிறுவனத்தின் ஒரு பங்கு சந்தையில் சுமார் 65 டாலர். ஆனால் வாஷிங்டனில் அரசு அலுவலகத்தில் இருந்த அறிக்கையைப் புரட்டிய கிரகாமுக்கு ஒரு ஆச்சரியம். நிறுவனம் கையில் வைத்திருந்த கடன் பத்திரங்களின் மதிப்பு மட்டுமே ஒரு பங்குக்கு சுமார் 95 டாலர்! அதாவது 95 ரூபாய் வைத்திருக்கும் பர்ஸை 65 ரூபாய்க்கு விற்பது மாதிரி.

தேவையில்லாமல் முடங்கிக் கிடக்கும் பணத்தை பங்குதாரர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. 1927 ஆண்டுக் கூட்டத்தில் பேச முயன்றபோது, அவர் தீர்மானத்தை வழிமொழியக்கூட ஆள் இல்லை. சளைக்காமல் ஒரு வருஷம் மற்ற பங்குதாரர்களின் ஆதரவைத் திரட்டி, 1928 கூட்டத்தில் இயக்குநர் குழுவில் இரண்டு இடங்களைப் பிடித்தார். கடைசியில் நிறுவனம் இறங்கி வந்து, ஒரு பங்குக்கு 70 டாலர் பிரித்துக் கொடுத்தது.

அதே ஆண்டு கொலம்பியாவில் மாலை நேர வகுப்பு எடுக்கவும் ஆரம்பித்தார். ஜெரோம் நியூமன் என்ற கூட்டாளியுடன் சேர்ந்து பிறர் பணத்தையும் நிர்வகித்தார். 1929 தொடக்கத்தில் அவர் கையில் இருந்த நிதி 25 லட்சம் டாலர். வயது 34. எல்லாமே ஏறுமுகம்.

1929: விழுந்த இடி

1929 செப்டம்பர் 3-ம் தேதி அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 381 புள்ளிகளைத் தொட்டது. அக்டோபரில் சரிவு தொடங்கியது. அந்த ஆண்டு கிரகாமின் நிதிக்கு நஷ்டம் 20 சதவீதம். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை ரகம்தான்.

தப்பு நடந்தது அடுத்த ஆண்டுதான். மோசமான கட்டம் முடிந்துவிட்டது என்று நம்பினார் கிரகாம். விலை மலிவாக இருக்கிறதே என்று, கடன் வாங்கியும் பங்குகளை வாங்கினார். ஆம், அம்மா செய்த அதே மார்ஜின். சந்தை மேலும் விழுந்தது. 1930-ல் மட்டும் பாதிப் பணம் காலி. 1932 ஜூலையில் டவ் ஜோன்ஸ் 41 புள்ளிக்கு வந்தபோது, நான்கு ஆண்டுகளில் கிரகாமின் நிதி சுமார் 70 சதவீதத்தை இழந்திருந்தது.

பங்குகளின் மதிப்பை அவர் கணித்தது பெரிதாகத் தப்பவில்லை. ஆனால் விலை திரும்பும் வரை காத்திருக்க கடன் விடவில்லை. சொந்தப் பணத்தில் வாங்கிய பங்கு சரிந்தால் பொறுத்திருக்கலாம். கடன் பணத்தில் வாங்கியது சரிந்தால், கடன் கொடுத்தவர் பொறுக்கமாட்டார். இதுதான் அவர் கற்ற பாடம்.

சென்ட்ரல் பார்க்கைப் பார்த்தபடி இருந்த சொகுசு வீட்டை விட்டு குடும்பம் சின்ன வீட்டுக்கு மாறியது. நியூமனின் மாமனார் போட்ட பணத்தில்தான் நிறுவனம் தப்பியது. வாடிக்கையாளர்களின் நஷ்டம் சரியாகும் வரை லாபத்தில் பங்கு கிடையாது என்பது ஒப்பந்தம். அதனால் கிட்டத்தட்ட 5 ஆண்டுகள் அந்த நிதியிலிருந்து அவருக்கு வருமானமே இல்லை. 1935 இறுதியில் நஷ்டம் முழுவதும் ஈடுகட்டப்பட்டது.

அடிபட்ட பிறகு எழுதிய புத்தகங்கள்

சந்தைப் பக்கமே போகக்கூடாது என்று மக்கள் பயந்து கிடந்த 1934-ல், டேவிட் டாட் உடன் சேர்ந்து 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். சாதாரண மக்களுக்காக 1949-ல் எழுதியது 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. அதில் புதியவர்களுக்கு முக்கியமான விஷயங்கள் இவை:

1. பங்கு என்பது லாட்டரி சீட்டு இல்லை, ஒரு தொழிலில் உங்களுக்கு உள்ள உரிமை. அந்தத் தொழில் என்ன செய்கிறது, எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரியாமல் வாங்கக்கூடாது.

2. சந்தையை 'மிஸ்டர் மார்க்கெட்' என்ற கூட்டாளியாக கற்பனை செய்யச் சொன்னார். இவர் தினமும் வந்து ஒரு விலை சொல்வார். ஒருநாள் குஷியில் அதிக விலை, மறுநாள் பயத்தில் அடிமாட்டு விலை. அவர் மனநிலைக்கு நாம் ஆடவேண்டிய கட்டாயம் இல்லை. விலை பிடித்தால் பேசலாம், இல்லாவிட்டால் நம் வேலையைப் பார்க்கலாம்.

3. பாதுகாப்பு இடைவெளி. 100 ரூபாய் மதிப்புள்ளது என்று நினைப்பதை 100-க்கே வாங்காமல் 60, 70-க்கு வாங்குவது. நம் கணக்கு தப்பினாலும் அடி குறைவாக இருக்கும்.

4. எல்லாப் பணத்தையும் பங்கில் போடக்கூடாது. பங்கு, கடன் பத்திரம் இரண்டிலும் பிரிக்க வேண்டும். எந்தப் பக்கமும் 25 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது.

5. மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டு வருவது சாதாரண முதலீட்டாளருக்கு நல்ல வழி. இன்று நாம் எஸ்.ஐ.பி. என்று சொல்வது இதைத்தான்.

இதில் எதுவுமே சீக்கிரம் பணக்காரர் ஆக்கும் வழி இல்லை. 1929-ல் தொட்ட உச்சத்தை டவ் ஜோன்ஸ் திரும்பத் தொட 1954 வரை, அதாவது 25 ஆண்டுகள் ஆனது. அதனால்தான் எப்போது ஏறும் என்பதைவிட, என்ன விலைக்கு வாங்குகிறோம், எவ்வளவு காலம் தாங்குவோம் என்பதில் அவர் கவனம் இருந்தது.

பஃபெட் வந்த கதை

19 வயதில் அந்தப் புத்தகத்தைப் படித்த பஃபெட், கிரகாமிடம் படிக்கவே கொலம்பியாவில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் சம்பளமே வேண்டாம் என்று வேலை கேட்டார். கிரகாம் மறுத்துவிட்டார். பிறகு 1954-ல் அவரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். பஃபெட் தன் மூத்த மகனுக்கு வைத்த பெயர் ஹோவர்ட் கிரகாம் பஃபெட்.

இதில் இன்னொரு ட்விஸ்ட் உண்டு. 1948-ல் ஜெய்கோ என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பாதிப் பங்குகளை சுமார் 7.12 லட்சம் டாலருக்கு வாங்கினார் கிரகாம். பணத்தைப் பிரித்துப் போடச் சொன்னவர், நிதியில் சுமார் ஐந்தில் ஒரு பகுதியை இந்த ஒரே இடத்தில் போட்டார். கடைசியில் மற்ற எல்லா முதலீடுகளும் சேர்ந்து தந்ததைவிட அதிக லாபத்தை இந்த ஒன்றே தந்தது. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை அவரே மறைக்கவில்லை.

கடைசிக் காலம்

1956-ல் நிதி நிறுவனத்தை மூடிவிட்டு கலிபோர்னியாவுக்குப் போய், அங்கும் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். 1976 செப்டம்பர் 21-ம் தேதி, 82 வயதில், பிரான்ஸில் காலமானார். பல நூறு நிறுவனங்களை அலசி நல்ல பங்கைத் தேடும் நுணுக்கமான முறைகள் இனி பெரிதாகப் பலன் தராது, சில எளிய விதிகளை விடாமல் பின்பற்றினாலே போதும் என்பதுதான் கடைசிக் காலத்தில் அவர் வந்து சேர்ந்த முடிவு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊரில் சொல்வார்கள். வால் ஸ்ட்ரீட்டில் கிரகாம் அதை இரண்டு முறை கற்றார். ஒன்று அம்மாவின் பணத்தில், இன்னொன்று தன் பணத்தில். புதுசா டீமேட் கணக்கு தொடங்குபவர்கள், கடன் பட்டனை அழுத்துவதற்கு முன் இந்த ஒரு வாழ்க்கையை நினைத்துக்கொண்டால் போதும்.