சாந்தி சுவரூப் பட்நாகர்

காங்கேயத்துச் சந்தைக்குப் பாரம் ஏற்றிச் சென்ற வண்டிக்காரர்கள் அச்சிற்கு மையிட்ட பின்னரே எருதுகளைப் பூட்டினர். மையற்ற அச்சு கிறீச்சிடும், தேயும், இழுக்கும் எருதுகளும் இளைக்கும். இரும்பும் இரும்பும் உராயாமல் காப்பது இடையே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமே ஆகும். அத்தகைய எண்ணெய்களின் இயல்பை அளந்தறிந்த பேரறிஞர் சாந்தி சுவரூப் பட்நாகர்.

இவர் 1894ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள், பஞ்சாபிலுள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். எட்டுத் திங்கட் குழவியாய் இருந்தபோதே தந்தையை இழந்தார். பொறியாளரான தாய்வழிப் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, 1921இல் அறிவியற் பேரறிஞர் பட்டம் பெற்றார்.

நீர்மத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறு எல்லாப் பக்கமும் ஒப்ப இழுக்கப்படுகிறது. மேற்பரப்பில் உள்ளதோ உள்நோக்கியே இழுக்கப்படுகிறது. இதனால் எழுவதே பரப்பு இழுவிசை. கொழுப்பு அமிலங்களின் உப்புக்கள் எண்ணெயில் எவ்வளவு கரையும், அதன் பரப்பு இழுவிசையை எவ்வாறு மாற்றும் என்பதே பட்நாகரின் ஆராய்ச்சி. அவ்வுப்புக்களுள் ஒன்றான சுண்ணாம்புச் சோப்பை எண்ணெயோடு கூட்டியே பொறிகளுக்கான மசகு செய்வர் என்பதை நினைத்தால் அதன் பயன் விளங்கும்.

தாயகம் திரும்பிய பட்நாகர் காசியிலும், 1924 முதல் இலாகூரிலும் பேராசிரியராய்த் திகழ்ந்தார். அக்காலத்தில் அட்டாக் எண்ணெய்க் கம்பெனியார் துளையிடப் பயன்படுத்திய சேறு, நிலத்தடி உப்பு நீர் பட்டதும் இறுகிக் கருவியை நிறுத்தியது. துளையிடும் பணி தடைப்பட்டது. சேற்றில் நம் நாட்டுப் பிசின் ஒன்றைக் கலந்தால் அது இறுகாது என்று பட்நாகர் கண்டு கூறினார். தடை நீங்கியது.

மகிழ்ந்த ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனத்தார் ஆராய்ச்சிக்கென ஒன்றரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தனர். தந்தையின்றி வளர்ந்த அவருக்கு அது பெருஞ்செல்வமே. ஆயினும் தமக்கென ஒரு காசும் கொள்ளாது, பல்கலைக்கழகத்தின் வழியே அதனைப் பெறச் செய்தார். அப்பொருளால் பெட்ரோலிய ஆராய்ச்சித் துறை ஒன்று தோன்றிற்று. இளைஞர் பலர் பயன் பெற்றனர்.

1942இல் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியபோது அவரே அதன் முதல் தலைமை இயக்குநரானார். நாடெங்கும் ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தமையால், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் 1953இல் திறக்கப்பெற்றது.

1955ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பட்நாகர் மறைந்தார். அச்சில் இட்ட மை கண்ணுக்குத் தோன்றாமலே வண்டியை ஓடச் செய்கிறது. அவர் விட்டுக்கொடுத்த பொருளும் அவ்வாறே பிறர் அறிவை ஓடச் செய்தது.