அம்மாக்களிடம் கேட்ட கண் டாக்டர்

திருநாவலூர்னா உங்களுக்குச் சுந்தரர் ஞாபகம் வரும். இழந்த பார்வையில் ஒரு கண்ணைக் காஞ்சிபுரத்திலும் இன்னொன்றைத் திருவாரூரிலும் திரும்பப் பெற்ற கதை எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கும் தெரியும். ஆனா பிறக்கும்போதே பார்வை மங்கியிருந்த குழந்தைகளுக்குக் காரணம் கண்டுபிடித்த நார்மன் கிரெக்கை உங்களுக்குத் தெரியுமா?

1892-ல் சிட்னியில் பிறந்தவர். டென்னிஸ், கிரிக்கெட் நல்லா ஆடுவார். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்து மிலிட்டரி கிராஸ் விருது வாங்கினார். ஊர் திரும்பிக் கண் டாக்டரானார்.

1941-ல் கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அவரிடம் வரிசையா வந்தார்கள். பரம்பரை நோய்னு எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனா இத்தனை குடும்பத்தில் ஒரே சமயத்திலா? அம்மாக்களிடமே கேட்டார். முந்தைய வருஷம் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பரவியிருந்தது. லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, சில நாளில் சரியாகிவிடும். மற்ற டாக்டர்களிடமும் விவரம் சேகரித்தார். மொத்தம் 78 குழந்தைகள். அதில் 68 பேரின் அம்மாக்களுக்குக் கர்ப்பத்தில், பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில், ரூபெல்லா வந்திருந்தது.

முதல் மூணு மாசத்தில்தான் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாம் உருவாகும். அப்போது வைரஸ் நஞ்சுக்கொடி வழியே உள்ளே போனால் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். கருவே கலைந்தும் போகலாம்.

மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. 1944-ல் லான்செட் இதழே இது நிரூபணமாகவில்லை என்றது. ஆனா அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் கிரெக் பக்கமே நின்றன. 1953-ல் சர் பட்டம் கிடைத்தது. 1966-ல் இறந்தார். மூணே வருஷத்தில், 1969-ல், அமெரிக்காவில் ரூபெல்லா தடுப்பூசி வந்துவிட்டது. அதை அவர் பார்க்கவில்லை.

நம்ம பக்கம் குழந்தை குறையோடு பிறந்தா, கிரகணத்துல வெளியே வந்தியா, எதைச் சாப்பிட்டேன்னு அம்மாவைத்தான் கேட்பாங்க. கிரெக்கும் அம்மாவைத்தான் கேட்டார். அவர் தேடியது காரணத்தை, இவங்க தேடுறது பழிபோட ஆளை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட்டாங்க. வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துப் பயந்து வேண்டாம்னு சொன்ன வீடுகளும் உண்டு. உங்க வீடு எப்படி? உங்க அக்காவுக்கு, தங்கச்சிக்குப் போட்டாச்சான்னு கேளுங்க. கர்ப்பமான பிறகு இந்த ஊசி போட மாட்டாங்க. போட்ட பிறகும் ஒரு மாசம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடணும். அதனால கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நேரத்திலேயே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.