கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கு: பிரிட்ஜ் மேதை ஈலி கல்பர்ட்சன்

சீட்டாட்டத்தில் தோற்றதும் "நீ ஏன் அப்படிக் கேட்டாய்?" என்று கூட்டாளிமீது பாய்வது நம் வீடுகளிலும் நடப்பதுதான். அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு காண முயன்று உலகப் புகழ் பெற்றவர் ஈலி கல்பர்ட்சன்.

1891-ஆம் ஆண்டு ருமேனியாவில் பிறந்தார். தந்தை அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர், தாய் ரஷ்யர். ரஷ்யாவில் இருந்த குடும்பச் சொத்து 1917 புரட்சியில் பறிபோனது. அதன் பிறகு பாரிசில் சீட்டாடிப் பிழைத்தார். 1921-இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் பிரிட்ஜ் கற்றுக்கொடுத்து வந்த ஜோசஃபினை 1923-இல் மணந்தார். இருவரும் ஆட்டத்திலும் ஜோடியானார்கள்.

பிரிட்ஜில் நால்வர் இரண்டு ஜோடிகளாக ஆடுவர். ஆளுக்கு 13 சீட்டு. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். கையிலுள்ள சீட்டைக் கூட்டாளியிடம் காட்டக்கூடாது, கண்ஜாடையும் கூடாது. ஏலம் மட்டுமே பேச்சு.

இங்கேதான் சிக்கல். ஒருவர் நல்ல சீட்டு வந்தால்தான் ஏலத்தைத் தொடங்குவார். இன்னொருவர் சுமாரான சீட்டுக்கே தொடங்கிவிடுவார். கூட்டாளி எதை நம்பி மேலே கேட்பது?

கல்பர்ட்சன் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். ஒரே இனத்தில் ஏஸும் ராஜாவும் இருந்தால் 2. ஏஸ் மட்டும் என்றால் 1. ராஜாவும் ராணியும் சேர்ந்தால் 1. துணைச் சீட்டோடு ராஜா மட்டும் இருந்தால் அரை. இப்படிக் கூட்டினால் குறைந்தது இரண்டரை வர வேண்டும். அப்போதுதான் சாதாரணமாக ஏலத்தைத் தொடங்கலாம். தொடங்கினாலே கூட்டாளிக்கு அது ஒரு வாக்குறுதி. 1930-இல் வெளிவந்த அவரது 'நீலப் புத்தகம்' இம்முறையை வீடுவீடாகக் கொண்டு சென்றது.

மூத்த ஆட்டக்காரர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களில் ஒருவரான சிட்னி லென்சுக்குக் கல்பர்ட்சன் சவால் விட்டார். தான் தோற்றால் 5,000 டாலர், லென்ஸ் தோற்றால் 1,000 டாலர். பணம் தர்ம காரியத்துக்கு. 1931 டிசம்பரில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் போட்டி தொடங்கியது. 'ரப்பர்' எனப்படும் ஆட்டத் தொகுதிகள் 150 ஆட வேண்டும். நாளேடுகள் அதை முதல் பக்கச் செய்தியாக்கின.

லென்சின் கூட்டாளி ஆஸ்வால்ட் ஜேக்கபி, இளம் திறமைசாலி. கையில் பலமில்லாமலே ஏலம் கேட்டு எதிரிகளைக் குழப்புவார். அதில் லென்சும் குழம்பினார். லென்ஸ் எல்லார் முன்னிலையிலும் குறை சொல்ல, 103 ரப்பர் முடிந்த நிலையில் ஜேக்கபி விலகிக்கொண்டார். 1932 ஜனவரியில் கல்பர்ட்சன் அணி 8,980 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. லென்சும் ஜேக்கபியும் ஆட்டத்தில் சளைத்தவர்கள் அல்லர். அவர்களுக்குள் ஒத்துப்போகாததே வினையானது.

கல்பர்ட்சனின் சொந்த வாழ்க்கை அப்படிச் சீராக அமையவில்லை. 1938-இல் தம்பதியர் மணவிலக்குப் பெற்றனர். ஆயினும் தொழிலில் கூட்டாளிகளாகவே இருந்தனர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் கவனம் சீட்டிலிருந்து உலக அமைதிக்குத் திரும்பியது. ஒவ்வொரு நாடும் எவ்வளவு படைபலம் வைத்திருக்கலாம் என்று முன்கூட்டியே வரையறுத்து, அனைத்துலகப் படை ஒன்றை அமைக்கத் திட்டம் எழுதினார். நாடுகள் அதை ஏற்கவில்லை.

1955 டிசம்பர் 27-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் காலமானார். மூன்று மாதத்துக்குள் ஜோசஃபினும் மறைந்தார்.

அவரது அளவுகோல் இன்று வழக்கில் இல்லை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணும் முறை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. என்றாலும் புதிய ஜோடி மேசையில் உட்காரும் முன் இன்றும் பேசி முடிவு செய்வது அதே விஷயத்தைத்தான்: எவ்வளவு இருந்தால் நீ ஏலத்தைத் தொடங்குவாய்?